ஆற்றைப் பார்க்காத ஜீப்

பிஷ்கெக் நகரத்தில் பல் வைத்தியம் பார்க்கும் ஜிர்கல், நோயாளிகளிடம் ஓயாமல் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு: "வலிக்கறதுக்கு முன்னாடி வாங்க." யாரும் கேட்பதில்லை. கன்னம் பணியாரமாக வீங்கிய பிறகுதான் வருவார்கள். ஆனால் அவர் சொல்லுக்கு முழுக்கக் கட்டுப்பட்ட ஜீவன் ஒன்றும் இருந்தது. வீட்டுக் கொட்டகையில் நின்ற வெள்ளை ஜீப்தான் அது.

சாதாரண ஜீப் இல்லை. தோல் இருக்கை, குளிர்காலத்தில் தானே சூடாகும் ஸ்டியரிங், தண்ணீரில் இறங்கினாலும் இன்ஜினுக்கு மூச்சு முட்டாதபடி கூரை உயரத்துக்குப் போகும் காற்றுக்குழாய், சேற்றில் மாட்டினால் இழுத்துக்கொள்ள முன்பக்கம் எஃகு வடம் சுற்றிய வின்ச். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஜிர்கல் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு அதன் அடியில் படுத்துவிடுவார். கெடு வருவதற்கு முன்பே ஆயில் மாற்றுவார். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள் அல்லவா, அந்த உப்பு தகரத்தைத் தின்றுவிடக் கூடாதென்று வெளியே போய் வந்த ஒவ்வொரு தடவையும் வெந்நீரால் அடிவயிற்றைக் கழுவுவார். கதவு ரப்பர்களுக்குக் குழந்தைக்குத் தடவுவதுபோல எண்ணெய் தடவுவார். அவ்வப்போது வின்ச் வடத்தை முழுக்க உருவிப் பக்கத்து வீட்டு வாதுமை மரம்வரை கொண்டுபோய், துடைத்து, மறுபடி சுற்றுவார். மரத்தை வேரோடு பிடுங்கப் போகிறார் என்று அந்த வீட்டுக்காரர் சில நாள் சன்னல் வழியாகக் காவல் இருந்தார்.

இத்தனை செய்தும் அந்த ஜீப் தார்ச்சாலையை விட்டு ஒரு முழம்கூட இறங்கியதில்லை.

"எனக்கு வாய்ச்ச சக்களத்தி" என்பாள் மனைவி பெகிமாய். "வேலையும் செய்ய மாட்டா, வெயில்லயும் நிக்க மாட்டா." பெகிமாயின் பிறந்த வீட்டார் மலைக்காரர்கள். கோடையில் ஆட்டையும் குதிரையையும் மேலே மேய்ச்சல் வெளிக்கு ஓட்டிப்போய்க் கூடாரம் போடுகிறவர்கள். அவர்கள் வாய்க்குக் கேட்கவே வேண்டாம். ஜிர்கல் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொள்வார். ஜீப்பைத் தயாராக வைத்திருக்கிறேன் என்றுதான் அவர் நினைத்தார். எதற்காகத் தயார் என்று தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

அந்த ஜூலையில் பெகிமாயின் தங்கை மீரிமுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மீரிம் கால்நடை மருத்துவர். முப்பத்தெட்டு வயதாகிறது. "குதிரைக்குத்தான் கட்டிக்கொடுக்கணும் போல" என்று ஊர் அலுத்துப்போன நேரத்தில், தேனீ வளர்க்கும் உலான் என்ற சாதுவான மனிதரைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டாள். கல்யாணம் மேய்ச்சல் வெளியில்தான் என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை.

தார்ச்சாலை முடிகிற கிராமம்வரை ஜீப் வந்தது. அங்கே தெரிந்தவர் வீட்டு முற்றத்தில் அதை நிறுத்தி, கொண்டுவந்திருந்த துணிப் போர்வையால் மூடினார் ஜிர்கல். பெகிமாயைக் கூட்டிப்போக அண்ணன் குபாத் லாரியோடு வந்திருந்தார்.

"மாப்ள, நீயும் ஏறு."

"நீங்க போங்க மச்சான். நான் காலைல மாப்பிள்ளை வீட்டு வேன்ல வந்துடறேன். வண்டியப் பத்திரமா விட்டுட்டு வரணும்."

குபாத் போர்வையை ஒரு பார்வை பார்த்தார். "மலையேறுற வண்டிய மலையடிவாரத்துல கட்டிப்போட்டுட்டு, ஊரான் வண்டில மலையேறுறான் இவன். பெகிமாய், இந்தாளோட எப்படிம்மா குடும்பம் நடத்துற?"

"என்னையும் போத்தி வெச்சிருக்கார் அண்ணே" என்றாள் அவள்.

மறுநாள் காலை வேன் கிளம்பியது. முன்னால் சாம்பல் நிற சூட்டில் உலான், பின்னால் அவருடைய பெரியப்பாக்கள், சித்திகள், மடியில் தேநீர் கொதிக்கவைக்கும் சமோவார் வைத்துக்கொண்ட ஒரு அத்தை, கொமுஸ் என்கிற தந்தி வாத்தியத்தை மீட்டிக்கொண்டு ஒரு சித்தப்பா. மேலே மலையில் மழை பெய்திருந்தது. சாரி-சூ ஆற்றங்கரைக்கு வந்தபோது தண்ணீர் பழுப்பாகப் பெருகி ஓடியது. வேன் தண்ணீரைத் தொடவில்லை. அதற்கு முன்பே கரையின் களியில் பின் சக்கரம் இரண்டும் புதைந்து, வயிறு தட்டி உட்கார்ந்துகொண்டது.

எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். மாப்பிள்ளையும் தள்ளினார். சக்கரம் சுழன்றதில் சாம்பல் சூட் புள்ளிமான் ஆனதுதான் மிச்சம். கிராமத்து டிராக்டர் புல் ஏற்ற அடுத்த பள்ளத்தாக்குக்குப் போயிருந்தது. டிராக்டர்காரர் போன் எடுக்கவில்லை. சித்தப்பா கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து நிதானமாக கொமுஸைத் தொடர்ந்தார்.

அப்போதுதான் எதிர்க்கரைச் சரிவில் ஒரு சாம்பல் குதிரை இறங்கி வந்தது. மேலே மீரிம். கல்யாண வெள்ளை உடுப்பு, அதன்மேல் மழைக்கோட்டு, காலில் ஆட்டுப்பட்டிக்குப் போடுகிற ரப்பர் பூட்ஸ்.

"எவ்வளவு நேரந்தான் காத்திருக்கறது?" என்று தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். "கறி வெந்து குழையுது. அண்ணன் லாரியக் கிளப்பி அனுப்பலாம்னா அது முனகக்கூட மாட்டேங்குது. பேட்டரிய கடைசியா எப்பப் பாத்தீங்கன்னு கேட்டா, 'அதுல பேட்டரி வேற இருக்கா'ங்கறார்."

மாப்பிள்ளை வீட்டுச் சித்தி ஒருத்தி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "பொண்ணு இப்படி எதிர்ல வரலாமா?" என்று ஆரம்பித்தாள். "வராட்டி நீங்க இங்கயே குடித்தனம் பண்ண வேண்டியதுதான் அத்தை" என்று அக்கரையிலிருந்தே பதில் வந்தது. சித்திக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மீரிம் கூட்டத்தில் தேடி ஆளைப் பிடித்தாள். "அத்தான்! உங்க ஜீப் எங்க?"

ஜிர்கல் வந்த வழியைக் கையால் காட்டினார். "கீழ, கிராமத்துல. தண்ணி ஏறியிருக்கே மீரிம்."

அவள் குதிரையை ஆற்றில் இறக்கினாள். அது மூக்கை உறிஞ்சிக்கொண்டு கல்லுக்குக் கல் கால் வைத்து இந்தக் கரை ஏறியது. வெள்ளை உடுப்பின் விளிம்பு ஒரு சாண் பழுப்பாகியிருந்தது. "பாத்தீங்கள்ல? குதிரை முழங்காலுக்கு மேல, வயித்துக்குக் கீழ. அடியில கூழாங்கல்தான், களி இல்ல. உங்க ஜீப்புக்கு இதெல்லாம் கால் நனைக்கற தண்ணி. ஏறுங்க பின்னால."

"குதிரைலயா?"

"பின்ன, நடந்தா போவீங்க?"

பல் வைத்தியரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மணப்பெண் கிராமத்தை நோக்கிக் குதிரையை விரட்டினாள். "ஏய் உலான், உன் பொண்ணு தப்பான ஆளத் தூக்கிட்டுப் போறாடா" என்று பெரியப்பா கத்தினார். உலான் தன் சேற்றுக் கையை ஆட்டி வழியனுப்பினார்.

முற்றத்தில் இறங்கியபோது ஜிர்கலுக்கு இரண்டு தொடையும் தனக்குச் சொந்தமில்லாதவைபோல் இருந்தன. போர்வையின் நுனியைப் பிடித்தவர் அப்படியே நின்றார். உள்ளே ஒரு கீறல் இல்லாத வெள்ளை இருந்தது.

"அத்தான், உங்க நாற்காலில வந்து உக்காந்துட்டு வாயைத் திறக்காம இருக்கறவங்கள என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் ஆகாது, திறங்கம்பேன்."

"ஒண்ணும் ஆகாது. திறங்க."

போர்வை கீழே விழுந்தது.

ஆற்றங்கரையில் அவர் அவசரப்படவில்லை. வேனுக்குப் பின்னால், கெட்டியான சரளைமேல் ஜீப்பை நிறுத்தினார். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். வின்ச்சிலிருந்து வடத்தை உருவி வேனின் பின் கொக்கியில் மாட்டினார். வாதுமை மரத்துக்கு எத்தனை தடவை போய் வந்த வடம் அது. ஒரு முடிச்சு இல்லாமல் சுகமாக உருண்டு வந்தது. பொத்தானை அழுத்தியதும் வடம் விறைத்தது. வேன் முதலில் அசையவில்லை. பிறகு இலேசாக ஆடிக் கொடுத்தது. அந்த ஆட்டம் ஜிர்கலுக்குக் கைப்பழக்கமான சங்கதி. கடைவாய்ப் பல் "சரி, வருகிறேன்" என்று சம்மதிக்கிற கணம் அது. கொஞ்சம் விட்டுப் பிடித்தார். சளப்பென்று ஒரு சத்தத்தோடு வேன் களியிலிருந்து வெளியே வந்து நின்றது.

"ரத்தம்கூட வரல" என்றார் சித்தப்பா.

ஆனால் வேனால் ஆற்றைத் தாண்ட முடியாது. முதல் நடைக்கு மாப்பிள்ளையும் மூத்தவர்களும் ஜீப்பில் ஏறினார்கள். வெளிர்நிறத் தோலில் சேற்று சூட்டோடு எப்படி உட்காருவதென்று உலான் தயங்கினார். "உக்காருங்க தம்பி" என்று சொன்ன குரலைக் கேட்டு ஜிர்கலே ஆச்சரியப்பட்டார்.

ஃபோர் வீல் போட்டு, தாழ்ந்த கியரில் மெல்ல இறக்கினார். மீரிம் குதிரையில் முன்னால் போனாள். தண்ணீர் சக்கரத்தை விழுங்கியது, கதவைத் தட்டியது, பானட்டுக்கு முன்னால் ஒரு சின்ன அலை எழுந்து கூடவே வந்தது. நடு ஆற்றில் வண்டி இலேசாக ஒருபக்கம் சாய்ந்து, இடப்பக்கக் கதவின் நீளத்துக்கு ஒரு பாறை உரசியது. நீளமான, நிதானமான சத்தம். வண்டிக்குள் இருந்த அத்தனை பேரும் ஜிர்கலின் முகத்தைப் பார்த்தார்கள்.

உலான் மெதுவாகக் கேட்டார். "அண்ணே, அது..."

"கதவு."

"நிறுத்திப் பாக்கணுமா?"

"ஆத்து நடுவுலயா?" என்றார் ஜிர்கல். சொன்னவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். ஸ்டியரிங்கை மட்டும் விடவில்லை. பின்னால் இருந்த பெரியப்பா பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு தரைவிரிப்பைத் தடவிப் பார்த்து, "காஞ்சு கிடக்குப்பா" என்று அறிவித்தார். எண்ணெய் தடவித் தடவி வளர்த்த ரப்பர் ஒரு சொட்டை உள்ளே விடவில்லை. ஜீப் மூக்கை நிமிர்த்திக்கொண்டு எதிர்க்கரை ஏறியது.

மற்றவர்களை ஏற்றி வரத் திரும்பிப் போனார். பிறகு அத்தையையும் சமோவாரையும் ஏற்றி வந்தார். எல்லாரும் வந்து சேர்ந்தபின் யாருடைய தொப்பியோ அந்தக் கரையில் கிடக்கிறது என்று சொல்லி மறுபடி ஆற்றில் இறங்கினார். வெறுங்கையோடு திரும்பி வந்தார். இதற்குள் கூடாரங்களிலிருந்து இறங்கி வந்திருந்த பெகிமாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தொப்பி எங்கங்க?"

"இல்ல போல."

"முகம் ஏன் இப்படி ஜொலிக்குது?"

"தண்ணி தெறிச்சிருக்கும்."

புது மணப்பெண் வீட்டுக்குள் நுழையும்போது மிட்டாயும் பொரித்த மாவுருண்டையும் வாரி இறைப்பது அங்கே வழக்கம். ஜிர்கலின் மாமியார் அன்று மகளுக்கும் மருமகனுக்கும் இறைத்தாள். பிறகு மடியில் இருந்ததை மொத்தமாக ஜீப்பின் மேல் கொட்டினாள். "முதல் தடவையா வீட்டுக்கு வந்திருக்கு. வெறுங்கையோட வரவேற்கலாமா?" என்று கேட்டாள். கூட்டம் கைதட்டியது. கல்யாணம் அந்தியடையும்வரை நடந்தது. புளித்த குதிரைப்பாலான குமிஸ் தோற்பையிலிருந்து ஊற்ற ஊற்ற வந்தது. சேற்று சூட்டைக் கழற்றிவிட்டு குபாத்தின் மேலங்கியைப் போட்டுக்கொண்ட மாப்பிள்ளை, அதன் கைக்குள் காணாமலே போய்விட்டார். ஆட்டத்தில் மட்டும் குறைவைக்கவில்லை. ஜிர்கலும் ஆடினார். குதிரையேறிய தொடைகள் ஒத்துழைத்த அளவுக்கு.

மறுநாள் காலை ஜிர்கல் சட்டைக்கையை மடித்துக்கொண்டு வண்டியின் அருகே போனார். ஆறு தாண்டிய வண்டியை அப்படியே விடக் கூடாது. உதவிக்கு வந்த உறவினர் அத்தனை பேருக்கும் வேலை பிரித்துக் கொடுத்தார். ஒருவர் ரேடியேட்டரில் சிக்கிய புல்லை விரலால் எடுக்க வேண்டும், குச்சியால் குத்தக் கூடாது. ஒருவர் பிரேக்குக்குள் போன மண்ணை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். இன்னொருவர் வின்ச் வடத்தை உருவி வெயிலில் காயவைக்க வேண்டும். மாமியார் கையில் ஒரு கிண்ணம் ஆட்டுக்கொழுப்போடு கதவுக் கீறலுக்கு முன்னால் குந்திவிட்டாள்.

"உப்புப் போடாத கொழுப்புதானே அத்தை?"

"எங்களுக்கும் தெரியும் மாப்ள."

"அப்ப தாராளமா தடவுங்க. ஊர் போற வரைக்கும் துரு அண்டாது."

பிறகு அவர் அடியில் படுத்தார். பின் அச்சுக்குள் தண்ணீர் போயிருந்தால் அதன் ஆயில் பால் கலந்த தேநீர்போல ஆகிவிடும்; அப்படியே ஓட்டினால் பல்சக்கரங்கள் அரைபட்டுப்போகும். அவர் மரையைத் திருக, சுற்றி நின்றவர்கள் எல்லாரும் குனிந்தார்கள். பிரசவம் பார்க்கிற கூடாரம்போல ஒரு மௌனம்.

"ஆணா பொண்ணா மாப்ள?" என்றார் குபாத்.

கிண்ணத்தில் முதல் சொட்டு விழுந்தது. தெளிவாக, பொன்னிறமாக இருந்தது. உலான் விரலில் தொட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தேன்காரர் தோரணையில், "கலப்படம் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். கூட்டம் ஆரவாரித்தது. குபாத் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு யாருக்கும் கேட்காதபடி குனிந்து, "மாப்ள, இது முடிஞ்சதும் நம்ம லாரியையும் ஒரு பார்வை பாத்துடேன்" என்றார்.

அடியில் இன்னும் கொஞ்சம் தவழ்ந்தபோதுதான் ஜிர்கலின் கண்ணில் அது பட்டது. முன் சக்கரத்துக்குப் போகும் தண்டின் மேலிருந்த ரப்பர் உறையில் சுண்டுவிரல் அளவு கிழிசல். உள்ளே இருந்த கிரீஸ் அப்படியே இருந்தது. துணியும் டேப்பும் சுற்றி இறுக்கிவிட்டால் பிஷ்கெக் வரைக்கும் தாராளமாகப் போகும். இது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவர் மல்லாந்து படுத்தபடியே வெளியே பார்த்தார். சக்கரங்களுக்கு நடுவே புல்வெளி தெரிந்தது. அதற்கப்பால் மேலே ஏறும் வண்டித்தடம் ஒன்று. அது மேட்டைத் தாண்டி எங்கே போகிறதென்று அவருக்குத் தெரியாது. குதிரைக் குட்டி ஒன்று காரணமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து கையைத் துடைத்தார். மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த பெகிமாயிடம் போனார்.

"ஒரு உறை கிழிஞ்சிருக்கு" என்றார், எக்ஸ்ரே பார்த்துவிட்டுச் சொல்கிற குரலில். "இன்னிக்குக் கிளம்ப முடியாது. நாளைக்கும் சந்தேகம்தான். சரிபண்ணி, இங்கயே மெதுவா அங்க இங்க ஓட்டிப் பாத்துட்டுதான் சொல்ல முடியும்."

"அய்யோ. உங்க நோயாளிங்க?"

"மேட்டு மேல போனா சிக்னல் கிடைக்கும்னு மீரிம் சொன்னா. அந்தத் தடம் வழியா ஜீப்லயே போயி, அவங்க நாளத் தள்ளி வெச்சுடறேன்."

பெகிமாய் கணவனின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் கிரீஸ், தலைமுடியில் ஒட்டிய மிட்டாய்த்தாள். அவள் கட்டிய மூட்டையை மறுபடி அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"ரொம்பப் பெரிய கிழிசலாத்தான் இருக்கும்" என்றாள். "அவசரப்படாம சரிபண்ணுங்க. கிளம்பறப்ப என்னையும் கூப்பிடுங்க, நானும் வரேன்."