செல்லாத முப்பத்தொரு கணக்குகள்

"2013 நவம்பர் 4, திங்கள். மாலை 5.10. கார்டு வெப்பம் 71. செல்லாதவை 0." நோட்டின் முதல் பக்கத்தில் இப்படித்தான் தொடங்கியிருக்கிறேன். நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் எழுதுகிற மாதிரியே கோடு போட்டு, நான்கு கட்டம் பிரித்து.

தண்டலத்தில் நான் மாலை வகுப்புக்குப் போகிற கல்லூரியில் லேப் உதவியாளர் இடம் ஒன்று காலியாகியிருந்தது. லினக்ஸ் வகுப்பு எடுக்கும் வசந்தகுமார் சார் அதற்கு இரண்டு பேரை மனதில் வைத்திருந்தார். ஒருவன் காசிராஜன், இன்னொருத்தி நான். இருவரும் அவரவர் கம்ப்யூட்டரில் நான்கு வாரம் ஒரே வகை வேலையை ஓட்டிக் காட்ட வேண்டும். தப்பு குறைவாக வருகிறவருக்கு அந்த இடம். எனக்கு டிசம்பரோடு டிரெய்னி காலம் முடிகிறது. அதற்குப் பிறகு கம்பெனி எங்களை வைத்துக்கொள்வதில்லை. லேப் கிடைக்காவிட்டால் ஜனவரியில் சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

ஓட்ட வேண்டிய வேலை இது. வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகம், உடம்பிலுள்ள புரதங்கள் எப்படி மடிகின்றன என்று கணக்குப் போடுகிறது. அவர்களிடம் உள்ள கம்ப்யூட்டர்கள் போதவில்லை. அதனால் உலகத்தில் யார் வீட்டில் கம்ப்யூட்டர் சும்மா கிடந்தாலும், அவர் சம்மதித்தால், அதற்குத் துண்டு துண்டாகக் கணக்கை அனுப்பிப் பதிலை வாங்கிக்கொள்கிறார்கள். சம்பளம் கிடையாது. விளையாட்டுக்காகச் செய்த கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கணக்கு வேகமாக ஓடும். என் பெரியப்பா மகன் கழற்றிப் போட்ட பழைய கார்டு என்னிடம் இருந்தது. லினக்ஸில் அதை வேலை செய்ய வைக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. கார்டுக்கான டிரைவர் மென்பொருளைப் போடும்போதெல்லாம் திரை கறுத்துவிடும். பத்தாவது நாள் கறுக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரே கணக்கு இரண்டு பேருக்குப் போகும். பதில்கள் ஒத்துப்போனால் இரண்டும் செல்லும். இல்லாவிட்டால் மூன்றாவது ஆளுக்கு அனுப்புவார்கள். அப்போது தனித்து நிற்கிற பதில் செல்லாது.

முதல் வாரம் எனக்கு ஒன்றுகூடச் செல்லாமல் போகவில்லை. இரண்டாம் வாரம் பதினேழு.

முதலில் மற்றவர்கள் மேல்தான் சந்தேகப்பட்டேன். பிறகு அது எனக்கே வெட்கமாக இருந்தது. பதினேழு கணக்கிலும் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே பதிலைச் சொல்கிறார்கள், நான் மட்டும் வேறு சொல்கிறேன். ஆனால் கார்டு கெட்டுவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. தொழிற்சாலையில் என் ஆய்வு மேஜையில் ஒரு மாஸ்டர் பீஸ் உண்டு. நல்லது என்று ஏற்கெனவே உறுதியான சார்ஜர் போர்டு அது. ஷிஃப்ட் தொடங்கியதும் அதைத்தான் முதலில் டெஸ்டரில் வைப்போம். அது பாஸ் ஆனால் டெஸ்டர் சரி. அதே முறைப்படி, விடை தெரிந்த ஒரு கணக்கை எடுத்து வைத்து, தினமும் வேலையிலிருந்து வந்ததும் ஓட்டிப் பார்த்தேன். தினமும் சரியாகவே வந்தது. வெப்பமும் எழுபத்திரண்டைத் தாண்டவில்லை. எழுதிக்கொண்டே போனேன்: மாஸ்டர் சரி, மாஸ்டர் சரி. பக்கத்துக் கட்டத்தில் செல்லாதவை ஏறிக்கொண்டிருந்தன.

ஸ்ரீபெரும்புதூரில் நானும் இன்னொரு பெண்ணும் குடியிருக்கும் மாடி அறையின் சொந்தக்காரி மரகதம் அக்கா வாடகை விஷயமாக மேலே வந்தவர், நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா, பரீட்சைல புட்டுக்கிச்சா?"

"இல்லக்கா. இந்த மிஷின் ஒரு வாரம் நல்லா ஓடுது, ஒரு வாரம் தப்பா சொல்லுது."

"பௌர்ணமி வந்துச்சே போன வாரம். அது வந்தா எங்க ஓர்ப்படிக்கே ஒரு மாதிரி ஆவும். மிஷினுக்கு ஆவாதா?"

"அதுக்கும் இதுக்கும் என்னக்கா?"

"எனக்கின்னா தெரியும், படிச்ச பொண்ணு நீ. ஆனா வூடு பூரா அடுப்பாட்டம் கீது, அத்த பாத்துக்க."

அவர் போனதும் பென்சிலால் ஓரத்தில் "பௌர்ணமி?" என்று எழுதினேன். மூன்றாம் வாரம் ஒரு தப்பும் இல்லை. நான்காம் வாரம் திங்கள், செவ்வாய் இரண்டு நாளில் மட்டும் எட்டு. அது பௌர்ணமி வாரம் இல்லை. பென்சில் எழுத்தை அழித்தேன். அழித்த தடம் இன்னும் தெரிகிறது.

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். எது இப்படி மாறி மாறி வரும்? மின்வெட்டு அப்படி வரவில்லை. மழையும் அப்படிப் பெய்யவில்லை, தினமும்தான் தூறியது. யோசிக்க யோசிக்க, நான் எழுதிய எண்களையே நான் நம்பவில்லை.

செவ்வாய் வகுப்பில் காசிராஜன் என் நோட்டை எட்டிப் பார்த்தான். அவனுக்கும் ஊர் எங்கள் பக்கம்தான், கழுகுமலை.

"ஏ செல்வி, என்ன இது, ஆஸ்பத்திரி நர்சு மாதிரி சாயங்காலம் சாயங்காலம் காய்ச்சல் பாத்து எழுதியிருக்க?"

"உனக்கென்ன? உன் நோட்டப் பாரு."

"எனக்கு நோட்டே கிடையாது. மொத்தம் ரெண்டு தப்பு, அத விரல்லயே எண்ணிருவேன். அது கம்ப்யூட்டரு தாயி. நிமிஷத்துக்கு நிமிஷம் அதுவே எழுதிக்கிடும். நீ எதுக்குப் பக்கத்துல சேரப் போட்டு உக்காந்திருக்க?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதுதான் உறுத்தியது. மாஸ்டர் பீஸைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் தொடக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். இங்கேயோ நான் என் ஷிஃப்ட் முடிந்து வந்தபிறகே பார்த்தேன். மிஷினுக்கு ஷிஃப்ட் கிடையாது, நான் இல்லாத பகலிலும் அது ஓடுகிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தை ஒரு கோப்பில் எழுதும்படி கம்ப்யூட்டருக்கு நான்கு வரிக் கட்டளை எழுதிவைத்தேன். புதன் மாலை திறந்து பார்த்தேன். காலை 7.20 வரை 71. பிறகு ஏறத் தொடங்கி எட்டரைக்கு 97. மதியம் 12.50 வரை அங்கேயே நின்றது. ஒன்றே காலுக்குப் பழையபடி 72.

வியாழக்கிழமை அரை நாள் பெர்மிஷன் வாங்கிக்கொண்டு பதினொரு மணிக்கு அறைக்கு வந்தேன்.

என்னோடு அறையில் இருக்கும் தங்கமாரி கோவில்பட்டிக்காரி. அதே கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. ஒரு வாரம் காலை ஆறு மணி ஷிஃப்ட், மறு வாரம் மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத்தை மூடிக்கொண்டு, ஹேங்கரில், அவளுடைய நீல யூனிஃபார்ம் சட்டை. அனல் காற்று வெளியே வரும் ஓட்டையின் மேல் சட்டையின் முதுகு சரியாகப் பொருந்தியிருந்தது.

"ஏட்டி, எந்திரி. இது என்ன?"

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். "சட்டை."

"இங்க எதுக்குப் போட்ட?"

"பின்ன எங்க போட? மழை விட்டாத்தானே மாடில போட. ராத்திரி பதினோரு மணிக்கு வந்து துவைச்சா, குழாய் சத்தம் கேக்குன்னு கீழ இருந்து அக்கா ஏசுது. காலைல நீ போனதும் துவைப்பேன். ஒரு மணிக்குள்ள காயணும். உள்ளது இது ஒண்ணுதான், இன்னொண்ணு அக்குள்ல கிழிஞ்சு போச்சு. ஈரச் சட்டையோட போனா, போர்டு கெட்டுரும்னு சூப்பர்வைசர் கேட்டோட திருப்பி அனுப்பிருவா. போன மாசம் சந்தனமாரிய அனுப்புனா."

"இதனாலதான் என் கணக்கெல்லாம் தப்பாவுது. மூச்சு முட்டுது அதுக்கு."

"எனக்கென்ன தெரியும்? நீதான சொன்ன, சும்மா கிடக்கிறத ஊருக்குக் குடுக்கது நல்லதுன்னு. அனலு சும்மாதான போகுது. நான் ஊருல சேத்தி இல்லையா?"

சட்டையைக் கையில் எடுத்தேன். காலர் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது. காலையில் கணக்கை நிறுத்தி வைத்தால் கார்டு பிழைக்கும். ஆனால் கணக்கு நின்றால் அனல் நிற்கும், சட்டை காயாது. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஹேங்கரை ஜன்னல் கம்பிக்கு நகர்த்தினேன்.

"ஒரு சாண் தள்ளிப் போடுவோம்."

"காயாட்டி நீயா எனக்குப் பதிலா லைன்ல நிப்ப?"

ஒரு சாணில் 88. ஒரு முழத்தில் 76. முழ தூரத்தில் சட்டை காய மதியம் மணி ஒன்று பத்து ஆனது. வெள்ளிக்கிழமை தங்கமாரி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாள். படியிறங்கும்போது என்னை ஏதோ திட்டினாள், முழுதாகக் கேட்கவில்லை. சனிக்கிழமை கிழிந்த சட்டையை நான் தைத்துக் கொடுத்தேன். நேராக வரவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளிலும் செல்லாதவை 0. ஆனால் அதற்கு முன்பே மொத்தம் முப்பத்தொன்று ஆகியிருந்தது.

நோட்டில் அந்த வாரப் பக்கத்தில் எழுதினேன்: "காரணம்: சட்டை." இதை ஒரு வாத்தியாரிடம் எப்படிக் காட்டுவது? பழைய பதிவை விட்டுவிட்டுப் புதிய பெயரில் கம்ப்யூட்டரைப் பதிந்தால் எண் பூஜ்யத்தில் தொடங்கும் என்று எனக்குத் தெரியும். ஞாயிறு மாலை கம்ப்யூட்டரில் அந்தப் பதிவுப் பக்கத்தைத் திறந்தேன். பிறகு, மூன்று நாள் எண்ணிக்கையை நான்கு வாரம் என்று எப்படிச் சொல்வேன் என்று மூடிவிட்டேன்.

திங்கள்கிழமை வகுப்பு முடிந்ததும் வசந்தகுமார் சார் என் நோட்டைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். சாண், முழம், வெப்பம், காய்ந்த நேரம் என்று நான் போட்டிருந்த கட்டத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"முழம் யாரோட முழம்?"

"என்னோடது சார். ஸ்கேல்ல அளந்தேன், நாப்பத்திரண்டு சென்டிமீட்டர்."

அவர் காசிராஜனிடம் திரும்பினார். "உனக்கு ரெண்டுதான். அந்த ரெண்டு எதனால வந்துச்சு?"

"தெரியல சார். வந்துச்சு."

"லேப்ல முப்பது மிஷின் இருக்கு. தெரியலன்னு சொன்னா நான் இன்னா பண்றது?" என்றவர் நோட்டை மூடி மேஜை டிராயரில் வைத்தார். "செல்வி, ஜனவரி ரெண்டாம் தேதி வந்துடு. லெட்டர் இந்த வாரம் போடச் சொல்றேன்."

"தப்பு குறைஞ்சவங்களுக்குன்னுதான சார் சொன்னீங்க?" என்றான் காசிராஜன். சார் டிராயரைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டார். கேட்டை நோக்கி நடக்கும்போது அவன், "அடுத்த தடவ நானும் துணி காயப் போடுதேன்" என்றான். அவனுடைய கேள்வி நியாயமானது என்றே எனக்குப் பட்டது.

செவ்வாய் மாலை வேலையிலிருந்து வந்து கம்ப்யூட்டரில் முடிவுகள் பக்கத்தைத் திறந்தேன். செல்லாதவை: 1.

இது தங்கமாரிக்குக் காலை ஷிஃப்ட் வாரம். சட்டை அவள் உடம்பில் இருந்திருக்கிறது. அவளிடம் கேட்டேன்.

"சத்தியமா இன்னைக்கு அதுகிட்டயே போகல தாயி. சட்டைய துவைக்கவே இல்ல, வேணும்னா மோந்து பாரு."

நிமிடக் கோப்பைத் திறந்தேன். நாள் முழுக்க 71, 72. மாஸ்டர் கணக்கை ஓட்டினேன். சரி. இன்னொரு முறை ஓட்டினேன். சரி.

புதன்கிழமை வகுப்புக்கு அரை மணி முன்னதாகவே போனேன். லெட்டர் டைப் ஆகிவிட்டதாம், கையெழுத்துதான் பாக்கி என்றார் சார். காரணம் தெரியாத அந்த ஒன்றைப் பற்றிச் சொன்னேன். நோட்டை ஒரு நிமிடம் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். "காரணம்: சட்டை" என்ற வரியைத் தேடி, அதன் பக்கத்தில் "பெரும்பாலும்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

சார் அதைப் படித்தார். பேனாவை என்னிடமிருந்தே வாங்கி லெட்டரில் கையெழுத்துப் போட்டார்.