பாதி நிறைந்த இரண்டு டிரம்கள்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜீப் இன்னும் வரவில்லை. சும்மா உட்கார முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒரு தொடக்கம்: "எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் சேர்வராயன் மலையில்..." வேண்டாம். மலையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் ஜீப்பை மறந்துவிடுவேன். (மறக்கத்தான் அப்படித் தொடங்கினேனோ?)

2

எங்கள் எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கிணறு வற்றிவிட்டது. நாளை அம்மனுக்குப் பொங்கல். கிளியூர் ஓடையில் தண்ணீர் பிடிக்க இரண்டு டிரம்களோடு இறங்கினோம். ஜீப் ஓட்டுவது சின்னன். ராமநாதபுரத்திலிருந்து வந்த என்னோடு இந்த மலையில் தினமும் பேசுகிற ஒரே ஆள். அவன் மனைவி பார்வதியும், பொங்கலை முன்னின்று நடத்தும் மாதம்மாளும், இன்னும் சில பெண்களும் கூட வந்தார்கள்.

சின்னன் டிரம்மை வண்டிக்குள் தள்ளப் பார்த்தான். மாதம்மாள் குறுக்கே வந்து நின்றார்.

"ஏஞ் சின்னா, சாமி தண்ணிய கால்மாட்டுலயா வெப்பாங்க? மேல கேரியர்ல ஏத்து."

"மேல நொம்ப பாரமாயிருமுங்கக்கா. வளைவுல வண்டி சாஞ்சுக்கும்."

"அப்ப நீ மேல ஏறிக்க. தண்ணி வண்டி ஓட்டட்டும்."

பெண்கள் சிரித்தார்கள். பார்வதி சிரிக்கவில்லை. "ஒரு டிரம்மு போதாதுங்களா?" என்றாள்.

"ஒண்ணு மட்டும்னா ஒரு பக்கம் இழுக்கும் புள்ள. ரெண்டுலயும் பாதிப் பாதி வெச்சுக்கலாம்" என்றான் சின்னன்.

மாதம்மாளும் சரி என்றார். பாதியை ஓடையிலேயே கொட்டினார்கள். பாதி நிறைந்த டிரம்கள் கூரைமேல் ஏறின. கயிறு கட்டினோம். எனக்கு இடமில்லை. குறுக்குப் பாதையில் ஏறி லயத்துக்கு வந்துவிட்டேன்.

3

மாதம்மாளை எழுதியது சரியாக வரவில்லை. பிடிவாதக்காரி போலத் தெரிகிறார். நாளைக்கு லயத்தில் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், தண்ணீரைக் கால்பட வைத்தீர்களா என்று அவரைத்தான் கேட்பார்கள். இதைச் சொல்லாமல் அவரைப் பேசவிட்டிருக்கக் கூடாது.

(சத்தம் கேட்டது. பஸ்.)

4

முடிவு ஒன்று: ஜீப் வந்து சேர்கிறது.

முடிவு இரண்டு: கொண்டை ஊசி வளைவில் சின்னன்... இல்லை. எழுத மாட்டேன்.

முடிவு மூன்று: தண்ணீர் பாதிதான் என்பதால் ஆபத்தும் பாதியாகி...

இதை அடிக்க வேண்டும். பொய். நிறைந்த டிரம்மில் தண்ணீருக்கு ஆட இடமில்லை. பாதி டிரம்மில் இருக்கிறது. சின்னன் ஒரு பக்கம் திருப்பினால் தண்ணீர் மறுபக்கம் ஓடிப்போய் மோதும். அதுவும் கூரைமேல், இரண்டு டிரம்மிலும் ஒன்றாக. ஓடைக்கரையில் இது ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அந்த வரியை எழுதிய பிறகுதான்

5

இனி உட்கார முடியாது. கீழ் வளைவுக்கு ஓடுகிறேன். ஜீப் அங்கே திரும்புமுன் நிறுத்தி, பெண்களை இறக்கி நடக்கவிடச் சொல்ல வேண்டும். சின்னன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

நீங்கள் இங்கேயே இருங்கள். எஞ்சின் சத்தம் கேட்டால் முதல் முடிவை வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை தயவுசெய்து வேறு எந்த முடிவையும் எழுதிவிடாதீர்கள். பார்வதி ஜீப்புக்குள் உட்கார்ந்திருக்கிறாள்.