அறிவாளிகளுக்கே சீட்டு

"இந்தத் தேர்தலில் அறிவாளிகளுக்கு மட்டுமே சீட்டு" என்று கட்சி அறிவித்தபோது என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. காரணம், என் வீட்டுக்காரரும் சீட்டுக் கேட்டிருந்தார்.

தெருவில் அவருக்குப் பெயர் 'சரிங்க'. யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் அதுதான். ஒருமுறை பெயின்டர் ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இவரும் பிடித்தார். பெயின்டர் மாடிப்படி வழியாக இறங்கிச் சாப்பிடப் போய்விட்டார். இவர் சாயங்காலம் வரை ஏணியை விடவில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷனிடம் யாரோ "கவுன்சிலருக்கு நிக்கலாமே" என்று கேட்க, வழக்கம்போல "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

நின்றால் நிற்கட்டும், எனக்கென்ன? ஆனால் வேட்பாளர் தன் சொந்த இடத்தைத் தேர்தல் அலுவலகத்துக்கு ஒழித்துக் கொடுக்க வேண்டுமாம். எங்களுக்கு இருக்கும் ஒரே இடம் மெயின் ரோட்டு முனையில் உள்ள சலவைக் கடை. நடத்துவது நான், அவர் எனக்கு உதவி. மேசையையும் இஸ்திரிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு நான் எந்தத் தெருவில் நிற்பது? தேர்தல் முடிந்ததும் காலி செய்வார்கள் என்று யார் கண்டது? இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற கூட்டம் அது.

நேர்காணலுக்கு மனைவியும் வர வேண்டும் என்றார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. உள்ளதை உள்ளபடி சொன்னாலே போதும், சீட்டு பறந்துவிடும்.

கட்சி அலுவலகத்தில் எங்களுக்கு முன்னால் உள்ளே போயிருந்த வக்கீல் வெளியே வந்தார். "எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிட்டேன். தேர்தல் அறிக்கையில இருந்த தப்பையும் எடுத்துக் காட்டிட்டேன்" என்றார் பெருமையாக. இவருக்குத்தான் சீட்டு என்று நினைத்து நான் மனதார வாழ்த்தினேன்.

உள்ளே நகரச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், அறிவைச் சோதிக்க அழைத்து வந்த ஒரு பேராசிரியர்.

"நகராட்சி வருமானத்தைப் பெருக்க என்ன செய்வீங்க?" என்று பேராசிரியர் கேட்டார்.

"தெரியலைங்க. நீங்க சொன்னா செய்றேங்க."

பேராசிரியர் முகம் சுளித்தார். செயலாளர் முகம் மலர்ந்தது. "வீட்லயும் இப்படித்தானாம்மா?" என்று என் பக்கம் திரும்பினார்.

ஏணிக் கதையைச் சொன்னேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"யாரு எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுருவாருங்க."

"படிச்சுப் பாக்கவே மாட்டாரா?"

"எழுத்து இருக்கான்னுகூடப் பாக்க மாட்டாரு."

"அடடா!" என்றார் செயலாளர், சொக்கிப் போய். நான் குழி வெட்ட வெட்ட அது என் வீட்டுக்காரருக்கு மேடையாகிக்கொண்டிருந்தது.

பேராசிரியர் பொறுக்கமாட்டாமல், "அறிவாளிக்குத்தான சீட்டுன்னு சொன்னீங்க?" என்றார்.

"அறிவுதான் நம்மகிட்ட இருக்கே சார். ஒரு வண்டிக்கு எத்தன டிரைவர்?" என்றபடி செயலாளர் பேனாவைத் திறந்தார்.

என் கடையே கண் முன்னால் காலியாவது போல இருந்தது. ஆத்திரத்தில் கத்திவிட்டேன். "நல்லா யோசிச்சுக்கோங்க சார்! யாரு என்ன சொன்னாலும் இவரு கடைசில நான் சொல்றதத்தான் கேப்பாரு!"

பேனா அந்தரத்தில் நின்றது.

"நாங்க ஒண்ணு சொல்லி, உங்க வீட்டம்மா வேற ஒண்ணு சொன்னா?" என்று செயலாளர் அவரிடமே கேட்டார்.

"இவ சொல்றதுதாங்க." யோசிக்கக்கூட இல்லை. பேனா மூடிக்கொண்டது.

திரும்பி வரும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் மட்டும் இரண்டடி பின்தங்கியே நடந்தார்.

"வருத்தமா?" என்றேன்.

"கொஞ்சம். ஒரு தடவ மைக்கப் பிடிச்சுப் பேசணும்னு ஆசை." பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "கடைசிக் கேள்விக்கு 'நீங்க சொல்றதத்தான் கேப்பேன்'னு சொல்லியிருந்தா சீட்டு கெடச்சிருக்கும்."

நான் நின்றுவிட்டேன். "தெரியுமா? அப்புறம் ஏன் சொல்லல?"

"நான் தேர்தல்ல நின்னா, நீ எங்க நின்னு தேய்ப்ப?"

நாலு பேர் முன்னால் அவர் மானத்தைக் கப்பலேற்றிய வாய் என்னுடையது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் செய்தி வந்தது. வேட்பாளர், செயலாளரின் மச்சான். நேர்காணலுக்கே வராதவர். அன்றைய அறிமுகக் கூட்டத்துக்குச் செயலாளர் போட வேண்டிய வெள்ளைச் சட்டை எங்கள் கடையில்தான் கிடந்தது.

"இதுக்கு எவ்வளவு கஞ்சி போடட்டும்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"நீங்களே முடிவு பண்ணுங்க" என்றேன். கல்யாணமானதிலிருந்து நான் சொல்லாத வார்த்தை. அவர் வெகுநேரம் யோசித்தார்.

கூட்டத்துக்கு இருவரும் போனோம். மேடையில் செயலாளர் மச்சானின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டப் போனார். சட்டை தகரமாக விறைத்துக்கொண்டு நின்றது. கை இடுப்பைத் தாண்டவில்லை. கூட்டம் சிரித்தது.

நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏணி பிடித்தபோது வைத்திருந்த அதே முகத்தோடு நின்றார். அன்று பெயின்டர் இறங்கிப் போனதை அவர் பார்த்தாரா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.