லாயாங் லாயாங் மேடு

ஏழு பல்கலைக்கழகங்கள், இரண்டு அரசு நிறுவனங்கள், நான்கு கிளைக்குழுக்கள், ஒரு சின்னம், அந்தச் சின்னத்துக்கு இரண்டு பக்க விளக்கவுரை. இவ்வளவும் ஒரு கூட்டமைப்பாகக் கூடி, சூரியன் பூமியை என்ன பாடு படுத்துகிறது என்று தேசிய அளவில் கண்டறியப் போகின்றன. பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் கருவிகளோ மூன்றே மூன்று. அதில் ஒன்று பழுது. பழுது என்பது அழைப்பிதழில் இல்லை.

அழைப்பிதழ் கைப்பேசிக்கு வந்தபோது சுகுமாறன் ஜோகூர் மாநிலத்து லாயாங் லாயாங் அரசுக் கிளினிக்கில் இருமல் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தான். மருந்தாளர் வேலை. வயது முப்பத்திரண்டு. மனைவி பிரவீனா இறந்து இரண்டரை ஆண்டு. டெங்கிக் காய்ச்சல். ஆறு நாள். அதற்குமேல் அதைப் பற்றி அவன் யாரிடமும் சொன்னதில்லை.

பின்னாலேயே பேராசிரியர் ரூபேந்திரன் கூப்பிட்டார். கோலாலம்பூர்க்காரர். கூட்டமைப்பின் தலைவர்.

"சுகு, ஒங்க வைஃப் எங்கயோ போயிட்டாங்க," என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்திருக்க வேண்டும், ஒருமுறை செருமிக்கொண்டார். "அதாவது, பேரு வாங்கிட்டாங்க. அவங்க எடுத்த டேட்டாவுலதான் நம்ம மொத கட்டுரையே. மொத பேரு அவங்க பேரு. ரெண்டாவதுதான் நான். புதன்கிழம அவங்க நிலையத்துலயே தெறப்பு விழா, நீங்க வந்து நினைவுக் கேடயத்த வாங்கிக்கணும்."

"என்ன கண்டுபுடிச்சா சார்?"

"அனுப்புறேன், படிங்க. அமைச்சுல இருந்தே ஆளு வராங்க."

கட்டுரை நாற்பது பக்கம். பிரவீனாவைச் சேர்த்து எழுதியவர்கள் இருபது பேர். சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனில் உட்கார்ந்து படித்தான். விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே, பாமாயில் தரும் செம்பனையின் ஆராய்ச்சித் தோட்டத்தில் பிரவீனா நடத்திய நிலையத்தில், 2022 ஜனவரியிலிருந்து பெரும்பாலான நாள்களில் நண்பகலில், சூரியன் உச்சிக்கு வரும் வேளையில் (மலேசியக் கடிகாரத்தில் அது ஒரு மணிக்கு மேல்), காந்தப்புலம் கொஞ்சம் எழும்புகிறது. அரை மணி நேரம் நின்று இறங்குகிறது. நாட்டில் வேறெங்கும் இது இல்லை. 2023 அக்டோபரில் அது திடீரென்று நின்றுவிட்டது. பதினோரு ஆண்டுச் சுழற்சியில் சூரியன் தன் உக்கிரத்தின் உச்சத்தை நெருங்கியதே காரணம் என்று இருபது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். பத்து நிமிடச் சராசரி எடுத்து, அதையும் இழைத்து மழுப்பி, அழகான குன்றாக வரைந்திருந்தார்கள். பெயரும் வைத்தாயிற்று. லாயாங் லாயாங் நண்பகல் மேடு.

சுகுமாறன் குன்றின் அடியில் இருந்த மணியைப் பார்த்தான். ஒன்று பத்து முதல் ஒன்று நாற்பது வரை. கரண்டியைக் கீழே வைத்தான்.

அது அவனுடைய மோட்டார் சைக்கிள்.

முதல் நாள் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனவன் நேராக உள்ளே ஓட்டிப்போய் ரம்புத்தான் மரத்தடியில் நிறுத்தினான். கருவி புதைத்த இடத்திலிருந்து எட்டு மீட்டர். அவள் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அலமாக், அத எங்க கொண்டாந்து நிறுத்துற? அவ்வளவு இரும்பு. கருவிக்கு அது யான வந்து நிக்கிற மாதிரி."

வேறெங்கும் நிழல் இல்லை. இரண்டு நாள் வெயிலில் நிறுத்தினான். இருக்கை தொடையைச் சுட்டது. மூன்றாம் நாள் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள்.

"சரி, மரத்தடியிலயே நிறுத்து. ஆனா டெய்லி அதே எடம், அதே நேரம். அப்பத்தான் நான் கணக்குல இருந்து கழிச்சிட முடியும்."

இருபத்தோரு மாதம் அவன் அப்படியே செய்தான். ஒவ்வொரு நாளும் அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதினாள். மாடு வந்தால் எழுதுவாள், புல் வெட்டும் இயந்திரம் வந்தால் எழுதுவாள். இவன் வந்தாலும் எழுதுவாள். அவள் இறந்த பிறகு பல்கலைக்கழகத்தார் கணினியிலிருந்த எண்களைப் பத்திரமாக எடுத்துக்கொண்டார்கள். குறிப்பேட்டை அவளுடைய கோப்பை, மழைக்கோட்டுடன் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையால் எழுதியது என்பதால் அதை ஆய்வு என்று யாரும் நினைக்கவில்லை.

அன்று மாலை அவன் ரூபேந்திரனைக் கூப்பிட்டுச் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டார். துக்க வீட்டில் கேட்கும் பொறுமை.

"சுகு, ஒங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா நாங்க அதையெல்லாம் சோதிக்காமலா விட்டோம்? பதினோராம் பக்கம் பாருங்க. மேடு ஞாயித்துக்கெழமையும் வருது. ஞாயித்துக்கெழம எவன் வேலைக்கு வருவான்?"

"ஜோகூர்ல எல்லாரும் வருவாங்க சார்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"அப்ப இங்க வெள்ளி, சனிதான் லீவு. போன வருஷத்துல இருந்துதான் மாத்துனாங்க. வெள்ளி, சனி மேடு இருக்கா பாருங்க."

"ஏழு நாள்ல ரெண்டு நாள் இருக்காது. அதத்தான் பதினாலாம் பக்கம் விளக்கியிருக்கோம். சூரியன் ஒரு சுத்து சுத்த இருபத்தேழு நாள். அதுல கால் பங்கு கிட்டத்தட்ட ஏழு. அது சூரியக் காத்தோட தாளம்."

"அது அரசாங்க லீவு சார்."

"தம்பி, கையேடு அச்சாயிடுச்சு," என்றார் ரூபேந்திரன். அதுவரை சுகுவாக இருந்தவன் தம்பியானான். "உங்க மனைவிக்குக் கெடைக்கிற பேர நீங்களே கெடுக்காதீங்க."

சுகுமாறனுக்கு அந்தப் பேர்தான் உறுத்தியது. இருபது பேரில் பத்தொன்பது பேருக்கு இது ஒரு கட்டுரை. நாளைக்கே இன்னொன்று எழுதுவார்கள். அவளுக்கு இது ஒன்றுதான். என்றைக்காவது கண்ணுள்ள ஒருவன் இதைப் படிப்பான். புருஷனின் மோட்டார் சைக்கிளைச் சூரியன் என்று எழுதியவள் என்று அவளைப் பார்த்துத்தான் சிரிப்பான். அத்தனையையும் எழுதி வைத்தவள் அவள் ஒருத்திதான். இதை யோசித்தபோதும் அவனுக்கு அழுகை வரவில்லை. கோபம் மட்டும் லேசாக எட்டிப் பார்த்தது. இரண்டரை ஆண்டில் அதுவே பெரிது.

புதன்கிழமை விடுப்பு எடுத்தான். குறிப்பேட்டை மழைக்கோட்டில் சுற்றி வண்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

தோட்டத்து வாசலில் விழாக் கார்கள் எல்லாம் வரிசையாகத் தடுக்கப்பட்டு நின்றன. தடுத்தவள் கிருஷ்ணம்மா. நிலையத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். கையில் ஒரு சிவப்புத் துணி.

"இரும்பு உள்ள போவக்கூடாதுன்னு பிரவீனாப் புள்ள சொல்லிட்டுப் போச்சு," என்றாள். "டத்தோ பட்டம் வாங்குன பெரிய மனுசனா இருந்தா என்ன, நடக்கட்டும். ஒருத்தரு கௌரவம் கொறையுதுன்னாரு. காந்தத்துக்குக் கௌரவம் தெரியாதுங்கன்னேன்."

"நான் உள்ள போறேன் அக்கா."

அவனையும் வண்டியையும் பார்த்தாள். "போங்க தம்பி. ஒங்களுக்குத்தான் எடம் இருக்கே."

கூடாரத்தில் விருந்தினர் வந்து சேர்ந்தது தாமதம், பேச்சுகள் தாமதிக்கவில்லை. கூட்டு முயற்சி என்றார்கள். ஒருங்கிணைப்பு என்றார்கள். பெருவெடிப்பு ஒன்று சூரியனில் நிகழ்ந்தால் வழிகாட்டிச் செயலிகள் தடுமாறும், மின்கட்டமைப்பு படுத்துவிடும், அதற்குமுன் நாம் விழித்துக்கொள்வோம் என்றார்கள். மேடையின் பெரிய திரையில், நிலையத்துக் கருவி அந்த நிமிடம் அளப்பது ஒரு கோடாக ஓடியது. சூரியன் உச்சிக்கு வரும் வேளையில் பொத்தானை அமுக்கிக் கூட்டமைப்பைத் திறந்து வைப்பதாக ஏற்பாடு.

ஒன்று பத்துக்குச் சுகுமாறன் ரம்புத்தான் மரத்தடியில் வண்டியை நிறுத்தினான். அதே இடம். வேர் ஒன்று புடைத்திருக்கும். முன்சக்கரம் அதில் இடிக்க வேண்டும். இடித்தது.

ஒலிபெருக்கியில் ரூபேந்திரனின் குரல் பாதி வாக்கியத்தில் நின்றது. பிறகு நடுங்கியது.

"பாருங்கள். திரையைப் பாருங்கள். இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு மேடு திரும்பிவிட்டது."

கைதட்டல் மரம் வரை கேட்டது. நீளமான கைதட்டல். அவனுடைய மோட்டார் சைக்கிளுக்கு யாரும் கைதட்டியதில்லை.

பெட்டியைத் திறந்து குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்கு நடந்தான். திரையில் கோடு படிக்கட்டு மாதிரி செங்குத்தாக எழும்பி நின்றது. சராசரி எடுத்து மழுப்ப இன்னும் நேரம் வாய்க்கவில்லை. முன் வரிசையில் அமைச்சின் துணைச் செயலாளர், ஒரு மலாய் அம்மாள், அமர்ந்திருந்தார். அவர் மடியில் குறிப்பேட்டை விரித்து வைத்தான்.

பிரவீனா மலாயில்தான் எழுதுவாள். அந்த அம்மாள் வாய்விட்டே படித்தார். கணவர், மோட்டார் சைக்கிள், 1.10 – 1.40. பக்கத்தைத் திருப்பினார். கணவர், மோட்டார் சைக்கிள். இன்னும் நாலைந்து பக்கம் திருப்பினார்.

"தினமுமா?" என்று மலாயில் கேட்டார்.

"வெள்ளி, சனி தவிர."

"நானும் ஜோகூர்க்காரி, மூவாரில் பிறந்தவள்," என்றார் அவர். பிறகு திரையைப் பார்த்தார், மரத்தடியைப் பார்த்தார், மெதுவாக ரூபேந்திரனைப் பார்த்தார். "அந்த வண்டியைக் கொஞ்சம் வெளியே எடுக்க முடியுமா?"

சுகுமாறன் போய் வண்டியை வாசல் வரை தள்ளிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது கோடு இறங்கிவிட்டிருந்தது.

ரூபேந்திரன் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். அது நன்றாகத்தான் வேலை செய்தது.

"ஒரு மோட்டார் சைக்கிளைக்கூடத் தவறவிடாத நமது தேசியக் கருவியின் நுட்பத்தை," என்றார், "இப்போது நேரிலேயே கண்டீர்கள்."

மறுபடியும் கைதட்டினார்கள். முன்னைவிடக் கொஞ்சம் மெல்ல. அந்த அம்மாள் தட்டவில்லை; குறிப்பேட்டின் பக்கங்களைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பொத்தானை யாரோ அமுக்கினார்கள். உணவு தயார் என்று அறிவித்தார்கள்.

பிரியாணி வரிசைக்கு ஒதுங்கிய இடத்தில் ரூபேந்திரன் அவனைப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்திருந்தது.

"சந்தோஷமா? கட்டுரைய வாபஸ் வாங்கிக்கணுமாம், அந்தம்மா சொல்லிட்டாங்க. ஒங்க மனைவி பேரும் அதோட போயிடும். கேடயத்துல பேரு அடிச்சாச்சு, அத நான் என்ன பண்றது?"

"பேரு போவணும்னுதான் சார் வந்தேன்."

"எனக்கு ஒன்னும் புரியல தம்பி."

"புரியாது சார்," என்றான் சுகுமாறன். கேடயத்தை வாங்கிக்கொள்ளவில்லை; அந்த அம்மாளிடமிருந்து குறிப்பேட்டை மட்டும் வாங்கிக்கொண்டான்.

கொட்டகையில் அவளுடைய மேசை அப்படியே இருந்தது. கிருஷ்ணம்மா தினமும் துடைக்கிறாள் போல. குறிப்பேட்டைப் பிரித்து, கடைசியாக எழுதப்பட்ட வரிக்குக் கீழே தேதி போட்டான். கணவர், மோட்டார் சைக்கிள். வந்த நேரம் எழுதினான். போன நேரத்துக்கு அவனிடம் கணக்கில்லை. வெளியே வந்து கேட்டான்.

"அக்கா, நான் வண்டிய எப்ப வெளிய எடுத்தேன்?"

"ஒன்னு இருவத்தாறு," என்றாள் கிருஷ்ணம்மா. "எழுதி வச்சிருக்கேன்."

திரும்பிப் போய் அதையும் எழுதினான். பதிந்தவர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினான். அதன் பக்கத்தில், கழித்துக்கொள்ளவும் என்று எழுதினான்.