பொம்மை வீட்டின் புகைக்கூண்டு

அம்மாவின் விறைத்த விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள் லூர்து. வாசலில் பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள் போனில் கத்திப் பேசுவது கேட்டது. "எந்த மதலேனாவா? அட, நம்ம சங்கிலி மதலேனாதான். காலையில முடிஞ்சிருச்சு. சாயங்காலம் அடக்கம்."

லூர்துவின் கை நின்றுவிட்டது. செத்துப் பெட்டியில் கிடக்கும்போதுகூடவா சங்கிலி? நரம்பில்லாத நாக்கு என்று சும்மாவா சொன்னார்கள்!

கதை டவுன் ஏலப்பாறை வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அம்மா மதலேனம்மாளைப் பெற்றவள் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் ஆயா. துரைசாணியின் தங்கச் சங்கிலி காணாமல் போனது. வேலைக்காரியை விட்டால் வேறு யார் எடுத்திருப்பார்கள்? அடித்தார்கள், கூலிக்காரர்கள் குடியிருந்த லயம் முழுக்கச் சோதனை போட்டார்கள், களை வெட்டத் துரத்தினார்கள். சின்னப் பிள்ளை மதலேனா மட்டும் அழுதுகொண்டே சொன்னாள், துரை மகள் அதைத் தன் பொம்மை வீட்டுப் புகைக்கூண்டுக்குள் போட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்று. துரை மகள் வாயே திறக்கவில்லை. பொம்மை வீட்டைத் திறந்து குட்டிக் கட்டில், குட்டி நாற்காலி எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. புகைக்கூண்டில் விரல் நுழையவில்லை. சீமையிலிருந்து கப்பலில் வந்த பொருளைக் கவிழ்க்கத் துரைசாணி விடவில்லை. அம்மா கள்ளி, மகள் பொய்க்காரி என்று முடித்துவிட்டார்கள்.

துரைமார் பொம்மை வீட்டையும் விட்டுவிட்டு ஊரைப் பார்த்துப் போய்விட்டார்கள், பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. பங்களா ஹோட்டலான பிறகு அம்மா எத்தனையோ தடவை நடந்து பார்த்தாள். வாட்ச்மேன் கேட்டைத் தாண்ட விடவில்லை. "அதக் கவுத்துனா விழும்டி" என்று நேற்று ராத்திரி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லூர்து எழுந்து செருப்பை மாட்டினாள்.

"எங்கட்டி கெளம்பிட்ட? சாமியாரு வந்துருவாரு" என்றான் அவள் புருசன் சூசையப்பன்.

"பங்களாவுக்கு."

"கிறுக்கு புடிச்சிருச்சா? வீட்டுல பொணத்த வச்சுக்கிட்டு…"

"பொணம் இருக்கும்போதுதான் போகணும். பொதச்சுட்டு யாருகிட்டப் போயிச் சொல்ல?" வாசலுக்கு வந்து சுருளியம்மாளின் கையைப் பிடித்து இழுத்தாள். "நீயும் வாக்கா. இல்லேன்னா நாளைக்கு நானே உள்ள போட்டு எடுத்தேன்னு சொல்லுவ."

சாவு வீட்டிலிருந்து வருகிறவர்களை வாட்ச்மேன் மறிக்கவில்லை. பொம்மை வீடு பங்களா ஹாலில், மேசை மேல் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது. வந்து தங்குகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மலையாளி மேனேஜர் ஜிஜி குறுக்கே வந்து நின்றான்.

"சேச்சி, மரண வீட்டுல இருந்து இப்படி வரலாமோ? இது ஆன்டிக் பீஸ். தொட்டா என்டெ ஜோலி போகும்."

"நான் தொடல சார். நீங்களே கவுத்துங்க."

"ஓணர்கிட்ட கேக்கணும். அடுத்த ஆழ்ச்ச வாங்க."

"அடுத்த வாரம் எங்கம்மா மண்ணுக்குள்ள இருக்கும். சரி, பெட்டிய இங்கன கொண்டாரச் சொல்றேன். உங்க போர்ட்டிகோவுல வச்சு ஜெபம் பண்ணி, இங்கருந்தே தூக்கிட்டுப் போறோம்."

ஜிஜி சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. வாசலில் சவத்தை வைத்து உட்கார்ந்தால் சேனல்காரன் எவ்வளவு சீக்கிரம் வந்து நிற்பான் என்று அவனுக்குத் தெரியாதா? சுருளியம்மாளைப் பார்த்தான்.

"செய்வா சார்" என்றாள் சுருளியம்மாள். "ஆத்தாவுக்குத் தப்பாம பொறந்தவ."

கண்ணாடிக் கூட்டை எடுத்து வைத்துவிட்டு, ஜிஜியும் ரூம் பையனும் பொம்மை வீட்டை மெதுவாகத் தலைகீழாக்கினார்கள். தூசி கொட்டியது. வேறொன்றும் விழவில்லை. லூர்து குனிந்து தூசியைக் கிளறிப் பார்த்தாள். ஐயோ, அம்மா சொன்னது பொய்தானோ?

"தட்டுங்க சார். பலமாத் தட்டுங்க."

தட்டினான். குளவி கட்டிய மண் கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னால் கறுத்துப்போன மெல்லிய சங்கிலி ஒன்று சரிந்து வந்து பாதியில் தொங்கியது.

சுருளியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காலையிலிருந்து அழாத லூர்து, "எம்மா… எம்மா…" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"சேச்சி, இது… ஓணரோட முதலாக்கும்" என்று ஜிஜி இழுத்தான்.

"வச்சுக்கோங்க சார். அந்த எழவு புடிச்சது எங்களுக்கு எதுக்கு? நீங்க மட்டும் ஒரு எட்டு லயத்துக்கு வாங்க. கண்டதச் சொல்லுங்க."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சாமியார் ஜெபம் சொல்லிப் பெட்டியை மந்திரித்து முடித்திருந்தார். சூசையப்பன் பெட்டி மூடியைத் தூக்கிப் பிடித்து நின்றான். ஜிஜி ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். கூட்டத்தைப் பார்க்காமல் தாழ்ந்த குரலில் சொன்னான்: "சங்கிலி பங்களாவுலதான் இருந்துச்சு. பொம்மை வீட்டுப் புகைக்கூண்டுல. இவங்க ஆரும் எடுக்கல."

வெளியே இருந்தவர்கள், என்ன சொன்னான் என்று எட்டிப் பார்த்தார்கள்.

"எங்கம்மாவுக்குக் காது மந்தம் சார்" என்றாள் லூர்து. "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

ஜிஜி அவளைப் பார்த்தான். பிறகு மண்டியிட்டு, பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். சூசையப்பன் மூடியைச் சுவரில் சாய்த்து வைத்தான்.