இருபத்து மூன்றும் பறந்தன

அண்ணனைக் கிடத்தியிருந்த பெஞ்சைச் சுற்றி அவள் கணவன் எறும்பு சாக்பீஸால் மூன்றாவது கோடு போட்டுக்கொண்டிருந்தான். முதல் இரண்டையும் துக்கம் கேட்க வந்தவர்கள் மிதித்து அழித்துவிட்டார்கள்.

"எறும்பு கிறும்பு வந்துடக் கூடாது பாரு," என்றான் நிமிராமல்.

அடுத்த அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் எண்ணூறு எறும்புகள் இருந்தன. ஆறு வருடமாக அண்ணன் அவற்றுக்குச் சர்க்கரைத் தண்ணீரும், ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு கரப்பான்பூச்சியும் கொடுத்து வளர்த்தான். இதை அவள் அவனுக்கு நினைவூட்டவில்லை. அந்த வீட்டில் செய்வதற்கு ஏதோ ஒரு வேலை கிடைத்திருந்தது அவன் ஒருவனுக்குத்தான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்து மூன்று. சர்க்கரை இல்லை, கல்யாணம் இல்லை. அதனால் பிரஷரும் இல்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். காலையில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்யப் போனான். லிஃப்ட் ஓடாத இடத்துக்கு லிஃப்ட் மெக்கானிக் படியேறித்தான் போயாக வேண்டும். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. களைப்பாக உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்து இரண்டு பேர் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஒருவர் குட்மார்னிங்கும் சொல்லியிருக்கிறார்.

பதினொன்றே காலுக்கு ஃபோன் வந்தது. அதிலிருந்து இந்த நிமிடம்வரை அவள் அழவில்லை. யாராவது எதையாவது கேட்டால் பதில் சொன்னாள். நாற்காலி போதுமா என்றார்கள், போதும் என்றாள். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டான் என்றார்கள், அதையும் சொன்னாள். கேட்டவர்கள் ஏதோ துப்புக் கிடைத்தது போலத் தலையாட்டினார்கள். கடைசியாக எப்போது பேசினாய் என்று ஒரு சித்தி கேட்டாள். பத்தேகாலுக்கு என்றாள். என்ன பேசினாய் என்று சித்தி கேட்கவில்லை.

பேசியது இதுதான். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், இன்று விடுமுறை. காலையில் அண்ணன் அறையைப் பெருக்கும்போது பார்த்தால், பெட்டிக்குள் இறக்கையோடு ஏதேதோ நின்றன. சில கொழுகொழுவென்று, சில குளவி மாதிரி ஒல்லியாக. ஒவ்வொன்றையும் நாலைந்து எறும்புகள் காலைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தன. பெட்டியின் மேல் அண்ணன் ஒரு சீட்டு ஒட்டியிருந்தான்: 'எறும்பைத் தவிர உள்ளே எது தெரிந்தாலும் உடனே எடுத்துக் கொன்றுவிடவும்.' போன வருடம் ஏதோ ஓர் ஈ புகுந்து முட்டையிட்டுப் பாதிக் கூட்டத்தைக் காலி செய்ததிலிருந்து அந்த வீட்டின் சட்டம் அது. அவள் இடுக்கியை எடுத்தாள். ஊசி பிடித்துப் பழகிய கை, நடுங்காது. ஒரு எறும்புக்குக்கூடக் காயம் படாமல் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து, டிஷ்யூ காகிதத்தில் வைத்து நசுக்கி, குப்பையில் போட்டுவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள்.

"உன் பெட்டியில ஏதோ குளவி பூந்துடுச்சு. இருபத்தி மூணு. ஒண்ணு விடாம எடுத்துக் கொன்னுட்டேன். வாய் தொறந்து ஒரு தேங்க்ஸாவது சொல்லு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் யாரோ சுத்தியலால் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"ராணி இருக்கா?" என்றான்.

"இருக்கா, குண்டா."

"சரி. தேங்க்ஸ்," என்று வைத்துவிட்டான்.

மூன்று மணிக்கு மருந்துக்கடைக்காரர் வந்தார். அண்ணனுடைய எறும்பு சிநேகிதர். ராணி எறும்பை மாத்திரைக் குப்பியில் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். ஆறு வருடமாகக் கடை வாசலிலும் ஃபோனிலுமே பேசிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. அண்ணன் முகத்தைப் பார்த்தார். சாக்பீஸ் கோட்டையும் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்க்கலாமா என்று அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

பெட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கூட்டின் ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"கடைசி அறை காலியா கெடக்கு பாரும்மா," என்றார். "இருபத்தி மூணும் போயிடுச்சு."

அந்த எண்ணை அவள் அண்ணனைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

"எது போயிடுச்சு?"

"றெக்கை வந்ததுங்க. உங்கிட்ட சொல்லலையா அவன்? பத்து நாளா எங்கிட்ட வேற பேச்சே இல்லையே."

அவளிடமும்தான் சொல்லியிருப்பான். பத்து நாளாகக் காலையில் காபியோடு ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தான். அவள் ம் கொட்டிக்கொண்டே மொபைல் பார்த்தாள்.

அவர் சொன்னார். கூடு நன்றாக வளர்ந்து நிறைந்தால்தான் இறக்கையோடு பிறக்குமாம். குண்டாக இருப்பது நாளைய ராணிகள், ஒல்லியாக இருப்பது ஆண்கள். பெட்டியில் வளர்ப்பவர்களுக்கு அது லேசில் வாய்க்காது. அவருக்கே இதுவரை வாய்த்ததில்லை. நேரம் வரும்வரை கூட்டமே அவற்றின் காலைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கும். நேரம் வந்ததும் விட்டுவிடும். வெளியே பறந்து போய் வேறு கூட்டத்து ஜோடியோடு சேரும்.

அவர் வாய் அசைவது தெரிந்தது. கூடத்தில் யாரோ மூக்கைச் சிந்துவது மட்டும் ரொம்பத் தெளிவாகக் கேட்டது. பத்தேகால் என்று நினைத்தாள். பத்தேகாலுக்கு நான் ஃபோன் பண்ணினேன்.

"அண்ணே," என்றாள். "அது வந்து..."

"இரு, குரலைக் கேளு. பத்தே முக்காலுக்கு அனுப்பியிருக்கான்." அவர் ஃபோனை அமுக்கி அவள் காதருகே நீட்டினார்.

அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே பேசினான். "டேய், இருபத்தி மூணும் போயிடுச்சுடா. தங்கச்சி ஜன்னலைத் தொறந்து வெச்சிருக்கா. நல்ல வெயிலு. ஒண்ணு விடாம பறந்துடுச்சு. அவ கண்ணாலயே பாத்தாளாம். எனக்குத்தான் குடுத்து வெக்கல." செருப்புச் சத்தம். "அவளை ஒண்ணும் கேட்டுத் தொலைக்காத, என்னா. அவளுக்கு எறும்புன்னாலே அலர்ஜி. படியேறிட்டிருக்கேன், அப்பறம் கூப்பிடறேன்."

முடிந்ததும் அவர் ஃபோனைச் சட்டையில் துடைத்துப் பையில் வைத்தார்.

"கேட்கக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்கான்," என்றார். "ஆனா நானும் பாத்ததில்ல, அவனும் பாக்கல. பாத்தது நீ ஒருத்திதான். எப்படிம்மா போச்சு?"

அவள் பெட்டியைப் பார்த்தாள். ராணி அதே இடத்தில், அதே சோம்பலோடு இருந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால், அண்ணன் கடைசியாகச் சொன்னது பொய்யாகிவிடும்.

"ஒண்ணொண்ணா போச்சு," என்றாள். "மொதல்ல பெரிசுங்க. அப்பறம் ஒல்லியா இருந்ததுங்க."

அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சண்டை போடலையா, மத்ததெல்லாம்?"

"பிடிச்சு இழுத்துச்சு. அப்பறம் விட்டுடுச்சு."

"விட்டுடும். அப்படித்தான் விடும்," என்று எழுந்தார். "எந்த ஜன்னல்?"

அந்த அறையில் இருந்ததே ஒரு ஜன்னல்தான். அவள் கை காட்டினாள்.

அவர் போய்க் கதவுகளைத் தள்ளித் திறந்தார். வெளியே கொசுவலைக் கம்பி அடித்திருந்தது. நாலு பக்கமும் ஆணி. ஆணித் தலைகளுக்கு மேல் பச்சைப் பெயிண்ட், பழையது, விரிசல் விழாதது. மருந்துக்கடைக்காரர் அதன்மேல் விரலை வைத்தார். ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார்.

வண்டி வந்துவிட்டது என்று கூடத்திலிருந்து அவள் கணவன் கூப்பிட்டான்.

"நல்ல வெயில்தான்," என்றார் அவர், திரும்பாமல்.

சாய்ந்த வெயில் வலை வழியாக அவர் சட்டை முழுக்கப் பொடிப்பொடிக் கட்டங்களாக விழுந்திருந்தது.