மல்லிகை மணத்த வண்டி

வண்டியின் கதவைத் திறந்ததுமே மல்லிகை சென்ட் குப்பென்று முகத்தில் அடித்தது. கண்ணகிக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. பதின்மூன்று வருஷம் ஓடிய குட்டியானை லோடு வண்டி டீசல் நாறலாம், வேர்வை நாறலாம். கல்யாண வீடு மாதிரி எதற்கு மணக்க வேண்டும்?

எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்து ஊர் அவளுக்கு. கல்வராயன் மலையில் பலாவும் மரவள்ளியும் வாங்கிவந்து கள்ளக்குறிச்சியில் விற்கிறாள். இத்தனை நாளும் வாடகை வண்டிதான். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்தே ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்சும் எடுத்துவிட்டாள். மலைப்பாதையில் நின்றுபோன வண்டிகளை எத்தனையோ தடவை இறங்கித் தள்ளியிருக்கிறாள். எது ஏறும், எது ஏறாது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். அவள் புருஷன் தீனதயாளனுக்கு ஓட்டத் தெரியாது. மூட்டை ஏற்றி இறக்குவான்.

சின்னசேலத்தில் வெற்றிவேல் வண்டி விற்கிறார் என்று கேள்விப்பட்டு இருவரும் வந்திருந்தார்கள். தூரத்துச் சொந்தம், கண்ணகிக்கு அண்ணன் முறை.

"ஒன்னு அறுபது, தங்கச்சி. வெளியாளா இருந்தா ஜாஸ்தி சொல்லியிருப்பேன். பெயிண்ட்ட பாரு, சீட்ட பாரு. எடுத்துக்கினு போயி நேரா லோடு ஏத்தலாம்."

சீட்டைத் தூக்கி இன்ஜினைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. அவர்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து ஓடவிட்டிருக்கிறார். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்பும் என்பதை அவள் பார்த்துவிடக் கூடாதாம்.

ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் ஓட்டிப் பார்த்தாள். இன்ஜின் கத்தியதே தவிர வண்டி ஏறத் திணறியது; கிளட்ச் தேய்ந்து போயிருந்தது. பிரேக்கை மிதித்தால் இடதுபக்கம் இழுத்தது. பின்னால் நீலப்புகை. ஆயில் குடிக்கிற வண்டி. இதே வருஷத்து நல்ல வண்டி ஒன்றரை லட்சத்துக்குப் போகிறது. கிளட்ச், பிரேக், முன்டயர், எஃப்.சி. செலவு எல்லாம் கழித்தால் ஒரு லட்சம் நிற்கும். கண்ணுக்குத் தெரியாத கோளாறு என்று ஒன்று பழைய வண்டியில் இல்லாமல் இருக்காது. அதற்கும் கொஞ்சம் கழித்தாக வேண்டும்.

"தொண்ணூறு தரலாம்ண்ணா" என்றாள் திரும்பி வந்து.

வெற்றிவேல் அவளைப் பார்க்காமல் தீனதயாளனைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா மாப்ள, வெல பேசறத கூட பொம்பள கையில குடுத்துட்டியா?"

தீனதயாளனும் கூடச் சேர்ந்து சிரித்தான். கண்ணகி பின்பக்கம் போனாள். லோடு ஏற்றும் தளத்தில் பலகை அடித்து, மேலே புது ரப்பர் விரிப்பு ஒட்டியிருந்தது.

"இதுக்குக் கீழ தகரம் எப்டி இருக்குது?"

"அத ஏம்மா நோண்டற? புதுசா போட்டது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஜாக்கிக் கம்பியைக் கொடுத்து ஒரு மூலையை நெம்பிவிட்டாள். பலகை கிளம்பியது. உள்ளிருந்து வந்த நாற்றத்தில் மல்லிகை எங்கே போனதென்றே தெரியவில்லை. கறுப்பாக, கொழகொழவென்று ஏதோ அப்பிக் கிடந்தது. அதில் ஈரம் காயாத கோழி இறகுகள், நகத்தோடு ஒரு கால், நெளிகிற வெள்ளைப் புழுக்கள். தகரம் அப்பளம் மாதிரி பொரிந்து ஓட்டையாகியிருந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இந்த நாற்றம் அவளுக்குப் புதிதில்லை. போன கோடை முழுக்க அவர்கள் ஊர் ஏரிமேல் இதே நாற்றம்தான் கவிந்து கிடந்தது. எவனோ கோழிக் கழிவை வண்டி வண்டியாகக் கொட்டிவிட்டுப் போனான். மாடுகள் அந்தத் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. அதில் இறங்கிய மகள் அபிநயாவுக்குக் கால் முழுக்கப் புண் வந்து, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டே கண்ணகியின் கை மஞ்சளாகிவிட்டது. அந்த வண்டிக்காரன் கிடைத்தால் வண்டியோடு கொளுத்துவேன் என்று ஊரிலேயே பெரிதாகக் கத்தியவன் தீனதயாளன்தான்.

"எங்க ஏரியில கொட்டனது நீங்கதானாண்ணா?"

வெற்றிவேல் மூக்கைக் கூடச் சுளிக்கவில்லை. "நானா கொட்டினேன்? டிரைவர் கொட்டியிருப்பான். கறிக்கடைக்காரனுங்க அள்ளிக்கினு போகச் சொல்றானுங்க. எங்கதான் கொட்டறது? கறி மட்டும் எல்லாரும் துன்றீங்க இல்ல?"

பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி வுடு. நமக்குள்ள இன்னாத்துக்கு? அறுவதாயிரத்துக்கே எடுத்துக்கினு போ. ஊர்ல மட்டும் இத பேசிக்கினு இருக்காத."

தீனதயாளனின் முகம் மலர்ந்ததைக் கண்ணகி பார்த்தாள். பலகையைப் பிடித்திருந்ததில் அவன் விரலில் அந்தக் கறுப்பு ஒட்டியிருந்தது. அதை வேட்டியில் துடைத்துவிட்டு, அதே கையால் சட்டைப்பையிலிருந்து அட்வான்ஸ் பணத்தை எடுத்தான்.

"மச்சான் மனசு யாருக்கு வரும்! ஏ கண்ணகி, கழுவிட்டா போச்சு. ஏரிக்கு நாம மட்டுமா சொந்தக்காரங்க?"

வெற்றிவேலைவிட இவன்மேல்தான் அவளுக்கு அருவருப்பு அதிகம் வந்தது. புள்ளையின் கால்புண்ணில் ஈ ஓட்டிக்கொண்டு ராத்திரியெல்லாம் கூட உட்கார்ந்திருந்தவன் இவன். அவன் கையிலிருந்த பணத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வண்டிக்கு வெல தொண்ணூறு. அதான் நாயமான வெல. மிச்சம் முப்பது என் வாய மூடக் குடுக்கறீங்க. எனுக்கு வேணாம்."

பஸ் ஸ்டாண்டு வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தீனதயாளன் பின்னாலேயே ஓடி வந்தான்.

ஊருக்குள் போனதும் எல்லோரிடமும் சொன்னாள். நாலு பெரிய ஆட்கள் வரிந்துகட்டிக்கொண்டு சின்னசேலம் போனார்கள். கோயில் திருவிழாவுக்குப் பந்தல் செலவு முழுவதும் வெற்றிவேலுடையது என்று பேசி முடித்துக்கொண்டு சிரித்த முகமாகத் திரும்பினார்கள். பந்தல் முகப்பில் அவர் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். கண்ணகி அந்தத் திருவிழாவுக்குப் போகவில்லை.

கடைசியில் கச்சிராயபாளையத்தில் ராமசாமி என்பவரிடம் வேறொரு குட்டியானை வாங்கினாள். இன்னும் பழையது. "ரெண்டாவது கியரு சில நேரம் வுழாது. ரேடியேட்டர் ஒழுவும். மழையில வைப்பர் ஓடாதும்மா" என்று அவள் கேட்பதற்கு முன்பே சொன்னார். அவள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்றாள். அவர் இன்னும் ஐந்து கேட்டார். கொடுத்தாள்.

முதல் தடவை பலா ஏற்றிவர வெள்ளிமலைக்குப் போகும்போது தீனதயாளன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நாலு வளைவு வரை சும்மா வந்தவன், ரேடியேட்டர் ஆவி விடத் தொடங்கியதும் பொறுக்க மாட்டாமல் சொன்னான்:

"அறுவதுக்கு அதையே எடுத்திருக்கலாம்."

கண்ணகி வண்டியை ஓரங்கட்டினாள். ஆவி அடங்கும்வரை காத்திருந்து தண்ணீர் ஊற்றினாள். பிறகு அவன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

"எறங்குங்க."

டயர் பார்க்கச் சொல்கிறாள் என்று நினைத்து இறங்கினான். அவள் கதவைச் சாத்தி, ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தாள். முதல் கியரிலேயே மேல் வளைவு வரை ஏறிப்போய், அங்கே பலாமர நிழலில் நிறுத்தினாள். மூச்சு வாங்க நடந்து வந்து சேர்ந்தவன், ரேடியேட்டருக்கான தண்ணீர் கேனைத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.